மெழுகில் நிற்கும் சதையும் எழுதப்படாத தொழிலும்

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எங்கே புற்றுநோய் பற்றிப் பேச்செடுத்தாலும் ஒரு கேள்வி கூடவே வரும்: இது கம்பெனிப் புகையால் வந்ததா, இல்லையா? ஒரு காலத்தில் இதை டாக்டரிடம் கேட்டார்கள். இப்போது பரிசோதனைக் கூடத்திடம் கேட்கிறார்கள். உடலிலிருந்து வெட்டியெடுத்த சதைத் துணுக்கின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்க முடிகிறதென்றால், அந்தச் சதையைக் கெடுத்தது எது என்பதையும் அதிலேயே படித்துவிடலாம் என்று நினைப்பது இயல்புதான். அந்த நினைப்பு பெரும்பாலும் பொய்த்துப்போகும். நோயின் பெயரையும் அதற்கேற்ற மருந்தையும் சொல்வதில் மரபணுப் பரிசோதனைக்கு இன்று இணையில்லை. நோயின் காரணத்தைச் சொல்வதற்கோ, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவம் நம்பியிருப்பது வேறொன்றை: இவர் என்ன வேலை பார்த்தார், எங்கே குடியிருந்தார் என்று யாரோ கேட்டு எழுதிவைத்த இரண்டு வரிகளை. வடசென்னையில் விட்டுப்போனது அந்த இரண்டு வரிகள்தான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

புற்றுநோய்க்குத் தொழில் காரணமாகலாம் என்று தெளிவாக எழுதியவர்களில் முன்னோடி, லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட். ஆண்டு 1775. புகைபோக்கிகளுக்குள் இறங்கிக் கரி சுரண்டிய பையன்கள் வளர்ந்து ஆளானபின் அவர்களுடைய விதைப்பைத் தோலில் புற்று வருவதை அவர் கவனித்தார். நோய் உயிரணுவிலிருந்து தொடங்குகிறது என்று ருடால்ஃப் விர்ச்சோ நிறுவுவதற்கு இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. பாட்டிடம் ஸ்லைடு இல்லை, சாயம் இல்லை. நோயாளி என்ன தொழில் செய்தவர் என்ற தகவல் மட்டும் இருந்தது. 1895-இல் பிராங்க்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற மருத்துவர் சாயத் தொழிற்சாலை ஆட்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றைக் கண்டதும் அப்படித்தான். நம் பக்கத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஓர் (Orr) என்பவர், வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்று பற்றி 1933-இல் லான்செட் இதழில் எழுதினார். வாயில் என்ன வைத்து மெல்கிறாய் என்று கேட்டதிலிருந்து பிறந்த கட்டுரை அது. 1974-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு பிவிசி ஆலையில் மிக அபூர்வமான ஈரல் புற்று தொழிலாளர் சிலருக்கு வந்திருப்பதை அந்த ஆலையின் டாக்டர் பார்த்தார். வினைல் குளோரைடு வாயுவின் குணம் உலகத்துக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான். அந்த நோயைச் சதைப் பரிசோதனை பெயரிட்டுத் தந்தது உண்மை. ஆனால் பெயர்களை ஒரே ஆலையின் வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தது வேலையாட்களின் பட்டியல்.

இனி சதைத் துணுக்கின் கதைக்கு வருவோம். ராயபுரத்தில் அதற்கு ஒரு வீடு உண்டு. ஹைதர் அலியின் போரோடு வந்த பஞ்சத்தில், 1782 வாக்கில், பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று ஊர் அதை நெடுங்காலம் அழைத்தது. 1938-இல் அது மருத்துவக் கல்லூரி ஆனது. மருத்துவக் கல்லூரி என்றால் நோயியல் துறை வேண்டும். நோயியல் துறை என்றால் பார்மலின் பாட்டிலும் மெழுகுக் கட்டியும் வேண்டும். துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பிப் பிழைத்த ஒரு பகுதியின் நோய்கள், கண்ணாடியின்மேல் ஒட்டிய இளஞ்சிவப்புப் படலங்களாகச் சேரத் தொடங்கியது இந்த ஏற்பாட்டால்தான்.

அந்த ஏற்பாடு மிக எளிமையானது, அதனாலேயே நிலைத்தது. வெட்டியெடுத்த சதையை நூற்றுக்குப் பத்துப் பங்கு பார்மலின் கரைசலில் ஊறவைப்பார்கள். ஆல்கஹாலில் நீரை வாங்கி, சைலீனில் ஆல்கஹாலை நீக்கி, உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி ஆறவிடுவார்கள். கட்டியான மெழுகை மைக்ரோடோம் கத்தியில் நான்கைந்து மைக்ரான் தடிமனுக்குச் சீவி, ஹீமடாக்சிலின், இயோசின் என்ற இரு சாயங்களை ஏற்றினால் அணுக்கரு நீலமாகவும் மற்றது ரோஜா நிறமாகவும் தெரியும். பார்மலினுக்கு இந்தக் குணம் இருப்பதை 1893-இல் ஃபெர்டினாண்ட் ப்ளூம் கண்டது தற்செயல்: கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தம் விரல் தோல் விறைத்துப்போனதைக் கவனித்தார். அதுவும் பிராங்க்பர்ட்டில்தான், ரேன் தம் சாயத் தொழிலாளர்களைப் பார்ப்பதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு. ஹீமடாக்சிலின் ஒரு மெக்சிகோ மரத்தின் சாறு. இயோசின், நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயங்களைப் பிறப்பித்த அதே ஜெர்மன் தொழிலின் பிள்ளை. புற்றைக் காட்டிக்கொடுக்கும் சாயமும் சாயப் பட்டறை ஆளுக்குப் புற்றைக் கொடுத்த சரக்கும் ஒரே வம்சம். கம்பெனிக் காலத்தில் காலடிப்பேட்டை நெசவையும் வண்ணாரப்பேட்டையின் துணி வெளுப்பையும் நம்பித் துணி ஏற்றுமதி நடத்திய ஊரில், இயற்கைச் சாயங்களின் கதையை முடித்ததும் இந்த வம்சம்தான். அது வேறு கதை, வேறு துக்கம்.

மெழுகுக்கும் இந்தப் பகுதியோடு உறவு உண்டு. மணலியில் 1969-இல் உற்பத்தி தொடங்கிய சென்னைச் சுத்திகரிப்பு ஆலையின் சரக்குகளில் பாரஃபின் மெழுகும் ஒன்று. மெழுகுவர்த்திக்கும் தீக்குச்சிக்கும் நீர் புகாத தாளுக்கும் போகிற மெழுகு அது. நோயியல் துறையில் சதையைத் தாங்கி நிற்பதும், சுத்தம் கூடிய அதே பாரஃபின்தான். மெழுகுக்குள் அடைபட்ட சதை ஆண்டுக்கணக்கில் கெடாது, குளிர்ப்பெட்டியும் கேட்காது. ஒரு அலமாரி இழுப்பறையும் ஒரு எண்ணும் போதும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனைகள் தம்மையறியாமல் சேர்த்துவைத்த இந்தக் கட்டிகள், 1980களின் நடுவில் திடீரென மதிப்பேறின. பார்மலினில் ஊறி மெழுகில் கிடந்த சதையிலிருந்தும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கலாம் என்று அப்போதுதான் தெரியவந்தது. 1983-இல் கேரி முல்லிஸ் எண்ணிய பி.சி.ஆர். முறை, துளி டி.என்.ஏ.வையும் கோடிக்கணக்கில் பெருக்கித் தந்தது. நுண்ணோக்கிக்காகச் செய்த கட்டி, மரபணுவின் ஆவணமாகிவிட்டது.

ஆனால் ஒழுங்காகச் செய்த கட்டிதான் ஆவணமாகும். அமிலம் தணிக்காத பழைய பார்மலின் ஃபார்மிக் அமிலமாகத் திரிந்து டி.என்.ஏ.வைத் துண்டாடிவிடும். எலும்பைக் கடும் அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கினால் மரபணுவில் படிப்பதற்கு அதிகம் மிஞ்சாது. அறுவை முடிந்து சதை மேசைமேல் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும், அதுவும் மே மாதச் சென்னையில், இழப்புத்தான். பல லட்சம் ரூபாய் இயந்திரம் படிக்கப்போவது எதை என்பது, அறுவை அரங்கிலிருந்து பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகும் கடைநிலை ஊழியரின் நடையில் முடிவாகிறது.

மரபணுவைப் பார்த்துப் புற்றை அறியும் வழி, 1960-இல் பிலடெல்பியாவில் நாவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் ஒருவகை ரத்தப்புற்றில் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டதிலிருந்து தொடங்குகிறது. அதற்குப் பிறகு நடந்தவற்றில் என் வாதத்துக்கு நேர் எதிராக நிற்கும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1983-இல் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு, கர்ப்பப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த சதையில் ஹெச்.பி.வி. வைரஸின் பதினாறாம் வகையைக் கண்டது. சென்னைப் பெண்களிடையே அந்தப் புற்றுதான் அப்போது முதலிடத்தில் இருந்தது. இந்த நூற்றாண்டில்தான் மார்பகப் புற்று அதை முந்தியது. இங்கே சதைத் துணுக்கே காரணத்தைச் சொல்லிவிட்டது, வைரஸின் மரபணு செல்லுக்குள்ளேயே தங்கிவிடுவதால். 1991-இல் இன்னொன்று: பூஞ்சை பிடித்த கடலையிலும் சோளத்திலும் ஊறும் அஃப்ளடாக்சின் நச்சு, ஈரல் புற்றில் பி53 என்ற மரபணுவின் 249-ஆம் இடத்தில் ஒரு குறிப்பிட்ட பிறழ்வை விட்டுச்செல்வது சீனாவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் எடுத்த கட்டிகளில் தெரிந்தது. சிகரெட் புகைக்கும் வெயிலுக்கும்கூடத் தனித்தனித் தடங்கள் உண்டு. வைரஸும் பூஞ்சையும் பீடியும் தடம் விடுமென்றால், பென்சீனும் நிலக்கரித் தூசும் ஏன் விடக்கூடாது? யாரும் கேட்கவேண்டிய கேள்விதான் இது.

பதில், கடந்த சில ஆண்டுகளின் ஆய்வுகளில் இருக்கிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், புற்றூக்கி என்று தெரிந்த அல்லது சந்தேகிக்கப்பட்ட இருபது ரசாயனங்களால் எலிகளுக்கு வந்த கட்டிகளின் மரபணுவை முழுக்கப் படித்தார்கள். பதினேழு ரசாயனங்கள் தமக்கென்று தடம் எதையும் விடவில்லை. 2023-இல் லண்டனில் சார்லஸ் ஸ்வான்டன் குழு நேச்சர் இதழில் வெளியிட்டது வடசென்னைக்கு இன்னும் நெருக்கமான செய்தி. பி.எம். 2.5 என்ற நுண்தூசி, நுரையீரல் செல்லில் புதிய பிறழ்வை உண்டாக்குவதாகத் தெரியவில்லை. வயதோடு தானாக வந்து உறங்கிக் கிடக்கும் இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வு கொண்ட செல்களை, அழற்சியைக் கிளப்பி எழுப்பிவிடுகிறது. அப்படியென்றால், எண்ணூரில் தூசைச் சுவாசித்தவரின் கட்டியும் சுவாசிக்காத ஒருவரின் கட்டியும் பரிசோதனைக் கூடத்து அறிக்கையில் ஒரே வாக்கியத்தைப் பெறலாம்: இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வு உள்ளது. எந்த மாத்திரை என்று தீர்மானிக்க அந்த வாக்கியம் போதும். எந்தப் புகைக்கூண்டு என்று கேட்டால் அது வாயைத் திறக்காது. பென்சீனால் வரும் ரத்தப்புற்றிலும் இதே கதைதான். 5, 7-ஆம் குரோமோசோம்களில் இழப்பு காணப்படலாம். வேறொரு புற்றுக்குக் கீமோ எடுத்துக்கொண்டு பிறகு ரத்தப்புற்று வந்தவருக்கும் அதே இழப்பு இருக்கலாம்.

இதைவிடப் பெரிய சாட்சி செர்னோபில். அணு உலை வெடித்தபின் அங்கே குழந்தைகளுக்கு வந்த தைராய்டு புற்றின் சதைகளைச் சேர்க்க 1998-இல் ஒரு திசு வங்கியே அமைத்தார்கள். உக்ரைனில் 440 பேரின் கட்டிகளை மரபணுவரை அலசிய முடிவு 2021-இல் சயன்ஸ் இதழில் வந்தது. கதிர்வீச்சு கூடக்கூட டி.என்.ஏ.வின் இரு இழைகளும் முறிந்து தவறாக ஒட்டிக்கொள்வது கூடியது. ஆனால் இது கதிர்வீச்சால் வந்தது என்று தனிக் கட்டி ஒன்றைக் காட்டிச் சொல்லும் முத்திரை எதுவும் அகப்படவில்லை. உறவு தெரியவந்தது எப்படி? ஒவ்வொருவரும் அன்று எந்த ஊரில் இருந்தார், எந்தப் பசுவின் பாலை எவ்வளவு குடித்தார் என்பது உட்பட விசாரித்துக் கணக்கிட்ட கதிர்வீச்சு அளவுகள் கட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தன. சதையும் விசாரணையும் ஒரே எண்ணின் கீழ் இருந்ததால்தான் சதை பேசியது.

இந்த அளவுகோலை வடசென்னையின் தொழில் வரலாற்றுமேல் வைத்துப் பாருங்கள். 1856-இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பிறகு துறைமுகம், திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை. 1946-இல் அதே ஊரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கி பின்னாளில் டயராக வளர்ந்த எம்.ஆர்.எஃப். 1950களில் என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்ட். பிறகு உர ஆலை, மணலிச் சுத்திகரிப்பு, 1970-ஐ ஒட்டி எண்ணூர் அனல் மின் நிலையம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதல் வகைப் புற்றூக்கி என்று வைத்திருக்கும் பட்டியலில் பென்சீன், ரப்பர் தொழிலில் நேரும் வெளிப்பாடு, புகைக்கரி, ஆஸ்பெஸ்டாஸ், டீசல் புகை, வெளிக்காற்று மாசு எல்லாம் உண்டு. இதைக்கொண்டு ஒரு ஆலைமீதும் குற்றம் சாட்டிவிட முடியாது. பட்டியல் பொருளைச் சொல்கிறது, இன்ன ஆலையில் இன்ன தொழிலாளி எவ்வளவு சுவாசித்தார் என்பதைச் சொல்வதில்லை. இப்படி ஒரு தொழில் வரலாறு உள்ள இடத்தில் தொழிலைக் கேட்காமல் புற்றை எண்ணலாமா என்பதுதான் கேள்வி.

எண்ணத்தான் செய்தார்கள், நன்றாகவே எண்ணினார்கள். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு, நாட்டின் முதல்தரப் பதிவேடுகளில் ஒன்று. கர்ப்பப்பைவாய்ப் புற்று குறைந்ததையும் மார்பகப் புற்று ஏறியதையும் நமக்குக் காட்டியது அதுதான். ஆனால் அது எண்ணியது சென்னை மாநகராட்சி எல்லைக்குள் குடியிருந்தவர்களை. ராயபுரம் உள்ளே. திருவொற்றியூரும் மணலியும் எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் தனி நகராட்சிகள், முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தையும் பிறகு திருவள்ளூரையும் சேர்ந்தவை. 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோதுதான் அவை சென்னைக்குள் வந்தன. மாநிலம் முழுமைக்குமான புற்றுநோய்ப் பதிவு 2012-இல் தொடங்கியது. ஆலைகள் மும்முரமாகப் புகைத்த நாற்பது ஆண்டுகளில் ஆலையடியில் குடியிருந்தவருக்கு வந்த புற்று, ஸ்டான்லியில் ஸ்லைடாகவும் அடையாறில் கேஸ் ஷீட்டாகவும் இருந்திருக்கலாம். ஊர்க் கணக்கில் அது வெளியூர்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வதால் ராயபுரம் பகுதி வீடுகளில் கருந்தூசு படிகிறது என்ற வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2011-இல் தடை விதித்தது. அக்டோபரிலிருந்து நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்கு இடம் மாறியது. ராயபுரம் வாசிகளுக்கு அது நியாயமான வெற்றி. பதிவேட்டின் கண்ணுக்கு எட்டிய இடத்திலிருந்து அதுவரை எட்டாதிருந்த இடத்துக்கு நிலக்கரி போய்ச் சேர்ந்தது என்பது பக்க விளைவு. எண்ணூர் மாநகராட்சி எல்லைக்குள் வந்த அதே ஆண்டில் இந்த நிலக்கரியும் வந்ததால், முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட முந்தைய கணக்கே கிடையாது.

வடசென்னையில் வாய்ப்புற்றும் நுரையீரல் புற்றும் வரக் காரணம் பீடியும் ஹான்ஸும்தான், ஆலையை ஏன் இழுக்கிறீர்கள் என்று சிலர் கேட்பார்கள். புகையிலைதான் பெரிய குற்றவாளி, சந்தேகமில்லை. ஆனால் புகையிலையும் தொழிலும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் செலிகாஃப் குழு, புகைபிடிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிக்கு வரும் ஆபத்து இரண்டையும் கூட்டிய அளவைவிட மிக அதிகம் என்று 1979-இல் காட்டியது. பீடி பிடிப்பவர் என்று எழுதியதோடு பேனாவை மூடிவிட்டால், பாதிக் கணக்கு பேனாவுக்குள்ளேயே நின்றுவிடும். மரபணுக் கோளாறு என்ற அறிக்கையைப் பார்த்ததும் பரம்பரை நோய் போலிருக்கிறது என்று குடும்பமே தலையில் அடித்துக்கொள்வதும் இதே வகை. பி.ஆர்.சி.ஏ. போன்ற மரபணுக்களில் பிறவியோடு வரும் பிறழ்வுகள் உண்டு. கட்டியில் காணும் பிறழ்வுகளில் மிகப் பெரும்பாலானவை வாழ்நாளில் சேர்ந்தவை. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லாமல் காகிதத்தை மட்டும் கையில் கொடுப்பது, பழியை வீட்டுக்கே திருப்பி அனுப்புவதாக முடியும்.

இன்னொரு மறுப்புக்கு நான் அதிகம் மதிப்புக் கொடுக்கிறேன். படுத்திருக்கும் நோயாளிக்குக் காரணம் எதற்கு, மருந்தல்லவா வேண்டும்? சரி. பிலடெல்பியா குரோமோசோமைப் பார்த்துக் கொடுக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001-இல் வந்தபின் அந்த ரத்தப்புற்று கட்டுப்பாட்டில் வைக்கக்கூடிய நோயானது. அந்த மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை முதலில், 2006-இல், மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை உறுதிசெய்ததால் இந்தியத் தயாரிப்பு மலிவாகத் தொடர்ந்தது. பரிசோதனையும் மருந்தும் கைகோத்து உயிர் காத்த கதை அது, அதைக் குறைத்துப் பேச யாராலும் முடியாது. ஆனால் தொழிலைக் கேட்டு எழுதுவது மருந்தின் செலவில் ஒரு பைசா கூட்டாது. தொழிலாளிக்கு அது பணமாகவும் திரும்பலாம். தார், கனிம எண்ணெய் ஆகியவற்றால் வரும் தோல் புற்றும், ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றும் இழப்பீட்டுக்குரிய தொழில் நோய்களின் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. அந்த வாசலில் கேட்கப்படுவது எத்தனை ஆண்டு எந்த வேலை என்பது. கட்டியில் எந்தப் பிறழ்வு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்று ஒரு சொல் எழுதினால் போதாது. அந்தச் சொல்லுக்குள் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கியவரும், ரப்பரில் கரிப்பொடி கலந்தவரும், காசிமேட்டில் ஐஸ் உடைத்தவரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். மேஸ்திரி மாற மாற ஆலை மாறிய ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடையாள அட்டையும் இராது. அவர் வாயால் சொன்னால்தான் உண்டு.

இன்று சென்னையிலேயே பெரிய காரியங்கள் நடக்கின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அந்நிறுவனம் வெளியிட்ட பாரதப் புற்றுநோய் மரபணு வரைபடம், நாடெங்கிலுமிருந்து 480 மார்பகப் புற்று நோயாளிகளின் திசுக்களைப் படித்து உருவாக்கியது. மேலைநாட்டு நோயாளிகளின் தரவையே நம்பி இங்கே மருந்து எழுதிக்கொண்டிருந்த நிலைக்கு அது பெரிய மாற்றம். ஐ.ஐ.டி. இருக்கும் கிண்டியிலிருந்து எண்ணூர் ஒரு மணி நேரப் பயணம். 1970-இல் இருபது வயதில் அனல் மின் நிலையத்தில் நிலக்கரி தள்ள வந்தவர், 2017-இல் அந்த நிலையம் மூடியபோது ஓய்வுபெற்று வீட்டில் இருந்திருப்பார். இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார். தொழிலால் வரும் கட்டிப் புற்றுகள் இருபது முதல் நாற்பது ஆண்டுகள், சில சமயம் அதற்கும் மேல் காத்திருந்து வெளிப்படுபவை. அந்தத் தலைமுறையின் சதைத் துணுக்குகள் பார்மலின் பாட்டிலில் விழுவது இந்த ஆண்டுகளில்தான். பாட்டிலோடு போகும் படிவத்தை நிரப்பும்போது, கட்டிலில் இருப்பவர் பேசும் நிலையில் இருக்கிறார்.